திரைச்சீலைக்குப் பின்னால்

"ஒன்பதாயிரத்து நானூறு! அதை வாங்காம இன்னைக்கு நகர மாட்டான். நான் வீட்டுல இல்லைன்னு சொல்லிடு" என்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினார் தையல்காரர்.

வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். மூன்று நாளாகத் தெருமுனை வரை வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தவர், இன்று கதவையே தட்டிவிட்டார்.

"உங்க செருப்பு வாசல்லயே கெடக்கே!" என்றாள் மனைவி.

"வெறுங்காலோட போயிட்டாருன்னு சொல்லேன்."

"ஆமா, கடன் குடுத்தவரைக் கண்டு ஓடின ஓட்டத்துல கழண்டு விழுந்துடுச்சுன்னு சொல்றேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு அப்படித்தான் நடக்க முடிந்தது. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் பழைய காரில் கூட்டிப் போக வேண்டும். காரோ ஒவ்வொரு குழிக்கும் தவளை மாதிரி குதித்தது.

நாலு மாதத்துக்கு முன் மெக்கானிக் காரின் முன்மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் நாலு தடவை ஆடி நின்றது.

"நாலு ஷாக் அப்சார்பரும் செத்துப் போச்சுண்ணே. விலை கம்மியில ஒண்ணு இருக்கு. மெத்துமெத்துன்னு ஒண்ணு இருக்கு. எதைப் போட?"

"மெத்துன்னு இருக்கறதையே போடுங்க. அவளுக்கு வலிக்கக் கூடாது. காசு அடுத்த மாசம் தர்றேன்."

அடுத்த மாதம் வந்தது. தைக்கத் துணிதான் வரவில்லை. அதற்குப் பிறகு மெக்கானிக்கின் பட்டறை இருக்கும் தெருப் பக்கமே தையல்காரர் போகவில்லை.

வாசலில் பேச்சு கேட்டது.

"முதுகு எப்படிக்கா இருக்கு?"

"கார்ல போய் வந்த நாள்ல தூக்கமே கெடையாது தம்பி. முன்னாடி குதிச்சுது, இப்பக் கல்லா இடிக்குது. உங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. போட்டது புதுசு. என் எலும்புதான் பழசு."

மெக்கானிக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

திரைக்குப் பின்னால் தையல்காரருக்குக் காது சுட்டது. தன்னிடம் ஒரு நாள்கூட அவள் இதைச் சொன்னதில்லை. இப்படி ஒளிந்து நிற்கிறோமே என்று கூசியது. வெளியே வந்துவிட்டார்.

"உள்ளதான் இருந்தேன் தம்பி. மன்னிச்சுக்குங்க. இந்தாங்க, ஆயிரத்து ஐந்நூறு. மிச்சத்துக்குத் தையல் மெஷினை விக்கச் சொல்லியிருக்கேன்."

மெக்கானிக் பணத்தைத் தொடவில்லை.

"கார் சாவியைக் குடுங்கண்ணே."

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையில் ஈரச் சட்டையோடு அப்படியே நின்றாள்.

"எடுத்துட்டுப் போறீங்களா? வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இவளை..."

தையல்காரர் சாவியை நீட்டினார்.

மெக்கானிக் சாவியை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த கடன் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுவேண்ணே. நாலு ஷாக் அப்சார்பரையும் என் செலவுல மாத்தணும்."

"ஏன் தம்பி, புதுசுதானே போட்டீங்க?"

"புதுசுதான். ஆனா உங்க வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் ஒரே நட்டு, ஒரே போல்ட்டு. கச்சிதமா உக்காந்துடுச்சு, எனக்குச் சந்தேகமே வரல." அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு எழுத்துத் தெரியாதுக்கா. பெட்டி நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்துப் போடுவேன். இப்பத்தான் என் பொண்ணுகிட்ட அ, ஆவன்னா கத்துக்கிட்டேன். உங்க வண்டிக்குப் பிரிச்சுப் பட்டறையில கெடந்த காலிப் பெட்டியை மூணு நாளைக்கு முன்னாடி எழுத்துக்கூட்டிப் படிச்சேன்... 'சரக்கு வேனுக்கு மட்டும்'னு போட்டிருக்கு."