உடைந்த மிளகாய்

ஸ்பெயினிலிருந்து புருஷன் லான்சானா போனில் கேட்டான்: "கோழி யாஸா எப்படிச் செய்யணும், நாஃபி?"

சொந்த ஊரான ஜிகின்ஷோரில் இருந்த நாஃபிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போய் ஆறு வருஷமாகிறது, இன்றைக்குத்தான் மனுஷனுக்கு அடுப்பு ஞாபகம் வந்திருக்கிறது!

"எலுமிச்சைச் சாறு, வெங்காயம், கடுகு விழுதுல ராத்திரி பூரா ஊற வைங்க. காலையில சுட்டு, அந்தச் சாறுலயே வேக விடுங்க. மிளகாய் முழுசாக் கிடக்கணும். உடைஞ்சா தொலைஞ்சீங்க!"

மறுநாள் மதியம் மறுபடி போன். "மிளகாய் உடைஞ்சிடுச்சு. என்ன பண்றது?"

"காரம்னா உங்களுக்கு உசிராச்சே! அப்படியே சாப்பிடுங்க."

"அப்பா, நாக்கு எரியுது!" அவன் பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டது.

நாஃபி, "என்ன வயசு?" என்றாள்.

"நாலு."

"சோத்துல தயிர் ஊத்திக் குடுங்க. பச்சப்புள்ள இவ்வளவு காரம் தாங்காது."