காதணி அறையில் தாய்மாமன்

காது குத்துதல் என்பது ஓர் அறுவை சிகிச்சை ஆகும். எம்மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவிட்டமையால், அது மருத்துவமனைகளில் மட்டுமே நடைபெறுகிறது. குழந்தையை மடியில் அமர்த்துபவரின் மூக்கிலிருந்து முன்னதாக மாதிரி எடுத்துச் சோதிக்கப்படும்.

அறுவை அரங்கில் பணிபுரியும் தயாளன், தங்கை பூங்கோதையின் மகளுக்குத் தோடுகளுடன் வந்திருந்தார். அவருடைய மூக்கில் அத்தகைய பாக்டீரியா குடியிருப்பது சோதனையில் தெரிந்தது. அந்தப் பாக்டீரியாவால் அவருக்கு நோய் எதுவும் இல்லை. ஆயினும் காயம் உள்ள எவரையும் இனி அவர் தொடுதல் கூடாது. தோட்டுத் துளையானது, விதிகளின்படி, என்றும் ஆறாத காயமாகும்.

"நீங்க வெளிய உக்காருங்க சார். பாப்பாவ நாற்காலியில வச்சுக் குத்திடலாம்," என்றார் செவிலியர்.

தயாளன் வாசலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் அமர்ந்தார்.

"நாற்காலி என்ன சீர் கொண்டாந்துச்சு?" என்று அறைக்குள் இருந்த பூங்கோதை செவிலியரிடம் கேட்டாள்.

"விடும்மா, குத்தட்டும். நாளைக்கு மூளிக்காதுன்னு புள்ளையக் கேலி பண்ணுவாங்க," என்றார் தயாளன்.

"குத்திட்டா நீ அவளத் தூக்கவே முடியாதேண்ணே!"



பூங்கோதை குழந்தையின் காதுகளில், குத்தும் இடத்தைக் குறிக்க இடப்பட்டிருந்த மைப்புள்ளிகளை முந்தானையால் துடைத்தாள். பின்னர் வெளியே வந்து, குழந்தையை அண்ணனின் மடியில் அமர்த்தினாள். காயமற்ற குழந்தையைத் தொடுவதற்கு விதிகளில் தடை ஏதும் இல்லை. எனினும் தயாளன் தம் கைகளை இருபுறமும் விலக்கியே வைத்திருந்தார்.

"பிடிண்ணே, விழுந்துடப் போறா," என்றாள் பூங்கோதை.