நாற்பதாவது பிள்ளை

பரிபூரணம் லில்லியின் வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேலாக இழுத்தாள். விரல் இடது காதைத் தொடவில்லை. இன்னும் இழுத்தாள்.

லில்லி வீறிட்டாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

காது தொடும் வயதில் நாற்பது பிள்ளைகளைக் காட்டினால் எங்கள் தெருவுக்கே பள்ளிக்கூடம். இல்லையென்றால் பழையபடி ஓடையைக் கடந்து சுந்தரபாண்டியத்துக்குத்தான் பொடிசுகள் நடக்க வேண்டும். எண்பத்தாறு ஐப்பசியில் வந்த வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனது.

வாய்க்கால் தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொள்ளும் ஜனம் நாங்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஒன்றாக நின்றோம். ஆளுக்கொரு வேலையாகக் கொட்டகை போட்டோம், பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தோம். எங்கள் வேதக்கோயில் உபதேசியார் வில்சன் நாற்பது பேர் எழுதிக் கல்வி ஆபீசுக்கு அனுப்பினார்.

முப்பத்தொன்பது பேர் மூக்கொழுக வரிசையில் நின்றார்கள். எழுதி அனுப்பிய நாற்பதில் ஏசம்மாள் மட்டும் இல்லை. அந்தப் பேருக்குத்தான் மூன்றரை வயது லில்லி.

"ஏட்டி, உம் பேரென்ன?" என்றாள் பரிபூரணம்.

"லில்லி."

தொடையில் கிள்ளினாள். மறுபடி கேட்டாள், மறுபடி கிள்ளினாள். நான்காம் தடவை பிள்ளை "ஏசம்மா" என்றது. லில்லியைப் பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்து பெயர் பெயராக வாசித்தார். ஏசம்மாள் என்றதும் லில்லி போனாள். தலையை நன்றாகச் சாய்த்து எப்படியோ காதைத் தொட்டுவிட்டாள்.

பிள்ளையின் அம்மா யார் என்று கேட்டார். பரிபூரணம் முன்னால் வந்தாள். ஒரு நாள்கூட வீட்டில் நிறுத்தக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார்.

"அனுப்புதேன் ஐயா."

நாற்பதும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பரிபூரணம் அவரிடம் பொய் சொல்லவில்லை. ஏசம்மாள் அவள் பெற்ற பிள்ளைதான். அம்மை கண்டு செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மணி அடித்தால் சேதி ஆபீஸ் வரைக்கும் போய்விடும் என்று, கோயிலில் துக்க மணி அடிக்காமலேயே அடக்கம் செய்தோம். சத்தம் போட்டு அழக் கூடாது என்று அவளிடம் சொன்னதும் நாங்கள்தான்.

ஜீப் மறைந்ததும் அவள் உபதேசியாரிடம் வந்தாள்.

"இனி மணி அடிக்கலாமாய்யா?"

வில்சன் எங்களைப் பார்த்தார்.

"ஆர்டர் கைக்கு வரட்டும் தாயி. பொறவு அடிப்போம்."