எந்தப் பக்கம்

டாக்டர் எழுதிக் கொடுத்த மேமோகிராமை எங்கே எடுப்பது என்று ராஜாமணி காலையிலிருந்து ஒவ்வொரு ஸ்கேன் சென்டருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூட அவருக்குக் கூச்சம். முதல் இடத்தில், "வீட்ல அவங்களுக்கு நெஞ்சுல ஒரு படம் எடுக்கணும்" என்றார். இ.சி.ஜி.க்கு வரச் சொன்னார்கள். அடுத்த இடத்தில், "லேடீஸ் விஷயம்" என்றார். எத்தனை மாதம் என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில், சோபாவில் உட்கார்ந்திருந்த தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "மேல... முன்பக்கம்..." என்று இழுத்தார்.

சமையலறை வாசலில் நின்ற செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டி அவளுக்கு, கூச்சம் இவருக்கா? விளக்கை அணைத்தால் இந்தக் கூச்சமெல்லாம் எங்கே போய்விடுகிறது? போனைப் பிடுங்கினாள்.

"என் முலையில கட்டி இருக்கு. அதைப் படம் எடுக்கணும். உங்ககிட்ட எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

"மெல்லப் பேசுடி, மானம் போகுது" என்று ராஜாமணி பல்லைக் கடித்தார்.

மறுமுனையில் இருந்த பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. "எடுப்போம்மா. எந்தப் பக்கம்?"

கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

"எடது பக்கம்" என்றாள் செண்பகம், ராஜாமணியைப் பார்த்து.