எதிர்ச்சாரியில் ஒருவர்

அல்சூர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த நிக்கோல், பக்கத்தில் நின்ற இளவேனிலின் கையைப் பிடித்தாள். இருவருக்கும் ஒரே அலுவலகம். நிக்கோல் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"அக்கா, எதிர்ல டீக்கடைகிட்ட ஒரு ஆள் சின்ன கேமரா வச்சிக்கினு நிக்கிறான். பார்க்காதீங்க."

"தெரியும்."

"ஆட்டோ, பூக்காரம்மா, நாய்னு ரோட்டுல இருக்கிறதெல்லாம் எடுக்கிறான். கடைசில கேமரா உங்க பக்கம்தான் திரும்புது. மூணு நாளா பார்க்கிறேன்."

"ஆறு மாசமா நடக்குது," என்றாள் இளவேனில்.

நிக்கோல் அவள் கையை இழுத்தாள். "சும்மாவா இருக்கீங்க? வாங்க, போலீஸ்ல சொல்லலாம்."

"வேணாம். இன்னைக்கு நான் நல்லா இருக்கேனா, அத மட்டும் சொல்லு."

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, இளவேனில் எதிர்ச்சாரியை நேராகப் பார்த்து நின்றாள். பஸ் வந்து மறைத்தது.

ஏறி உட்கார்ந்த பிறகும் நிக்கோலுக்கு ஆறவில்லை. "யாருக்கா அந்த ஆளு?"

"என் வீட்டுக்காரர். நைட் ஷிஃப்ட். ஆபீஸ் வண்டி அவர அங்க இறக்கிவிடுற நேரத்துலதான் நம்ம பஸ்ஸும் வருது. நடு ரோட்டுல தடுப்பு இருக்கு, சுத்திக்கிட்டு அவர் வர்றதுக்குள்ள பஸ் கிளம்பிடும். சாயங்காலம் நான் வீடு திரும்பறதுக்குள்ள அவர் போயிடுவார். வாரத்துல ஒருநாள்தான் சேர்ந்து சாப்பிடுறோம்."

நிக்கோல் எழுந்து, ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சிக்னலிலேயே இன்னும் நின்றிருந்தது. எதிர்ச்சாரியில் அவர் கேமராவை இறக்கிவிட்டு, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.