ஒன்பது மணி ஒழுக்கம்

“ஆபீஸ்ல எல்லாரும் எனக்கு ஒண்ணுதான். யாரும் சலுகை எதிர்பார்க்கக் கூடாது.”

“சரி சார்.”

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியிடம் அப்படித் தலையாட்டியது கணக்காளரான அவளுக்கு நினைவு வந்தது. தாமதமாக வருபவர்களைத் திருத்துவதற்கென்றே முதலாளி கூட்டிய கூட்டத்தில், இப்போது அவளை எழுப்பி நிறுத்தியிருந்தார்.

“மேடம் தினமும் லேட். என்ன காரணம்?”

“வீட்ல வேலை சார்.”

“எனக்கும்தான் வீடு இருக்கு! ஒன்பது மணிக்கு டாண்ணு வந்து நிக்கலையா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முதலாளியை நேராகப் பார்த்தாள்.

“என்னங்க, நாளைக்கு ஒரு நாள் நீங்க சமைச்சு, உங்க சட்டையை நீங்களே இஸ்திரி போட்டு, நம்ம பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு வாங்களேன். நான் முன்னால வந்து ஆபீஸைத் திறந்து வைக்கிறேன்.”