பதினோராவது கூட்டம்

"சித்திரவதைன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்!" மேஜையில் ஓங்கித் தட்டினார் முன்னாள் சிப்பாய்.

"வெறும் விசாரணைன்னு எழுதினா நான் போட மாட்டேன்!" என்றார் எதிரே இருந்த தையல்காரம்மா.

நகராட்சி அதிகாரிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. இது பதினோராவது கூட்டம்.

விஷயம் இவ்வளவுதான். ஊர்க் கோடியில் ஒரு பழைய ராணுவ முகாம். ராணுவம் காலி செய்துவிட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது. விசாரணைக்கென்று அங்கே பிடித்துச் செல்லப்பட்டவர்களில் சிலர் திரும்பவே இல்லை. தையல்காரம்மாவின் கணவரும் அதில் ஒருவர். சிப்பாய் அதே முகாமில் காவல் நின்றவர்; இந்த ஊரிலேயே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டார்.

இப்போது அதை இடித்துவிட்டு பஸ் நிலையம் கட்டப் போகிறார்கள். நினைவுக்கு வாசலில் ஒரு பலகை மட்டும் நிற்கும். அதில் என்ன எழுதுவதென்று ஊரார் கூடிப் பேசி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இடிக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு.

மற்ற எல்லோரும் போட்டாயிற்று. இந்த இரண்டு பேர்தான் பாக்கி.

"நாலு வரிங்க! நாலே நாலு வரி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அதிகாரி. "என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையை ஒரே நாள்ல எழுதி முடிச்சேன்."

"அது கல்யாணம். இது வரலாறு," என்றார் சிப்பாய்.

"வரலாற்றைப் பத்தி யாரு பேசறதுன்னு பாருங்க!" என்றார் தையல்காரம்மா.

காலையில்தான் மேலதிகாரி போனில் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். இன்றைக்கு முடியாவிட்டால் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான்.

"சரி, ரெண்டையும் எழுதிடறேன். ராணுவம் விசாரணைன்னு சொன்னது, உறவுக்காரங்க சித்திரவதைன்னு சொன்னாங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி ஆசையாகப் பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுத்து என்ன கலரு?" என்றார் தையல்காரம்மா.

"கறுப்பு."

"சிவப்புலதான் எழுதணும்."

"சிவப்பா? வெள்ளையில எழுதினாதான் சம்மதம்!" என்று எழுந்தே விட்டார் சிப்பாய்.

"திரும்பாமப் போனவங்களை வச்சுக்கிட்டு கலருக்குச் சண்டையா? மனுஷங்கதானா நீங்க?" அதிகாரி கத்திய கத்தலில் பக்கத்து அறை டைப் சத்தம் நின்றது.

இருவரும் டீ குடிக்க வெளியே போனார்கள். இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பின்னாலேயே போன அதிகாரி, வராந்தாக் கதவருகே நின்றுவிட்டார்.

தையல்காரம்மா தன் பிளாஸ்கிலிருந்து சிப்பாய்க்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை தங்கச்சி, கலரைப் பிடிச்சே. எனக்கு ஒண்ணுமே தோணலை. கையெழுத்துப் போட வச்சிடுவாரோன்னு பயந்துட்டேன்."

"கலரை வச்சு ஒரு மாசம் ஓட்டலாம்ண்ணே. அப்புறம்?"

"ஏதாவது யோசிப்போம். நாம ஒத்துப்போன அன்னைக்கே புல்டோசர் வந்துடும். உன் வீட்டுக்காரர் தன் பேரைக் கீறி வச்ச சுவர் அது. அந்த அறையைப் பூட்டினவன் நான். அதை இடிக்கவும் விட்டுட்டேன்னா நான் மனுஷனே இல்லைம்மா."

அதிகாரி சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஃபைலைப் பிரித்தார். பிறகு, 'கருத்து வேறுபாடு நீடிக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"கலரை அடுத்த மாசம் பேசிக்கலாம்," என்று எரிந்து விழுந்தார் அதிகாரி. "அது சரி, பலகை எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்னு இதுவரைக்கும் ரெண்டு பேரும் சண்டையே போடலையே?"